வடமேற்கு நைஜீரியாவில் கொள்ளை, ஆள்கடத்தல் ஹாட்ஸ்பாட்களை மேப்பில் கண்டுபிடிப்பது எப்படி

கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஒரு சிஎஸ்வி கோப்பை இழுத்துப் போட்டு ஹீட்மேப் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால், ஐந்து நிமிடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் வந்துவிடும். ஜம்ஃபாரா, கட்சினா, கடுனா மாநிலங்கள் சிவந்திருக்கும். அது மேப் போடாமலே தெரிந்த விஷயம்தான். அந்தச் சிவப்புக்குள் எந்தச் சாலையில், எந்தப் பருவத்தில், எந்த மாதிரித் தாக்குதல் நடக்கிறது, அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நிருபர்கள் எளிதாகத் தகவல் பெறும் ஊர்களின் நிழல் என்று பிரித்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. லேயர் சேர்ப்பது, அட்ரிபியூட் டேபிள் திறப்பது, ஃபில்டர் போடுவது எல்லாம் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

வடமேற்கு என்றால் நிர்வாகக் கணக்கில் ஏழு மாநிலங்கள்: ஜம்ஃபாரா, கட்சினா, கடுனா, சொகோட்டோ, கெப்பி, கானோ, ஜிகாவா. கும்பல்கள் இந்தக் கணக்கைப் பார்த்து நடமாடுவதில்லை. தெற்கே ஒட்டியிருக்கும் நைஜர் மாநிலம் (பக்கத்து நாடான நைஜர் இல்லை, அதே பெயரில் நைஜீரியாவுக்குள் இருக்கும் மாநிலம்) வட-மத்தியப் பிராந்தியத்தைச் சேர்ந்தது. ஆனாலும் 2021 பிப்ரவரியில் ககாராவிலும் மே மாதம் டெகினாவிலும் பள்ளிப் பிள்ளைகள் கடத்தப்பட்டது அங்கேதான். அதை விட்டுவிட்டு மேப் போட்டால் கடுனாவின் பிர்னின் க்வாரி பக்கத்து ஹாட்ஸ்பாட் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அதனால் எட்டு மாநிலங்களை எடுத்துக்கொண்டு, அதற்கு வெளியே இன்னும் ஒரு 50 கிலோமீட்டர் பஃபர் (எல்லையைச் சுற்றிய பட்டை) போட்டு அதிலிருக்கும் சம்பவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் படத்தில் பஃபரைக் காட்ட வேண்டாம், கணக்கில் மட்டும் இருந்தால் போதும். கட்சினாவின் ஜிபியா மாதிரி சர்வதேச எல்லையிலேயே இருக்கும் ஊர்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கத் தரவும் வேண்டும்.

மறுபக்கம், வடகிழக்கை இதோடு கலக்காதீர்கள். 2014-இல் சிபோக்கில் 276 மாணவிகளைக் கடத்தியது போகோ ஹராம். அந்தப் போரின் இடவமைப்பு வேறு, ஆட்கள் வேறு. ‘நைஜீரியாவில் கடத்தல்’ என்று ஒரே குவியலாக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

அப்புறம், வடமேற்குக்குள்ளேயே மூன்று வகைத் தாக்குதல்கள் இருக்கின்றன, மூன்றும் மேப்பில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாக வந்து கிராமத்தைச் சூறையாடி, மாடுகளை ஓட்டிக்கொண்டு, ஆட்களையும் பிடித்துப் போவது ஒன்று. நெடுஞ்சாலையை மறித்து வண்டிகளில் வருபவர்களைக் கடத்துவது இன்னொன்று. பள்ளியில் புகுந்து நூற்றுக்கணக்கில் அள்ளிப்போவது மூன்றாவது. 2020 டிசம்பரில் கட்சினாவின் கன்காராவில் 300-க்கும் மேற்பட்ட மாணவர்கள், 2021 பிப்ரவரியில் ஜம்ஃபாராவின் ஜங்கெபேயில் 279 மாணவிகள். முதல் வகை பரப்பில் கொத்துக்கொத்தாக விழும், இரண்டாவது கோட்டின் மேல் விழும். மூன்றாவது எண்ணிக்கையில் மிகக் குறைவு, அதை வைத்து அடர்த்தி மேப் போடுவதில் அர்த்தமே இல்லை. ஒரே லேயரில் மூன்றையும் போட்டவர்களின் மேப்பைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். தொடக்கத்திலேயே தனித்தனி லேயராகப் பிரித்துவிடுங்கள்.

தரவு

பெரும்பாலோர் தொடங்குவது ஏக்லெட் தரவில்; உலகெங்கும் நடக்கும் ஆயுத மோதல் சம்பவங்களைத் தொகுத்து வெளியிடும் அமைப்பு அது. கணக்குத் தொடங்கித்தான் இறக்க வேண்டும், எந்த அளவு விவரம் கிடைக்கும் என்பது கணக்கைப் பொறுத்தது. இதில் புதியவர்கள் விழும் குழிகள் மூன்று.

சம்பவ வகைகளில் ‘கடத்தல்’ என்று ஒரு உட்பிரிவு இருக்கிறதே என்று அதை மட்டும் ஃபில்டர் செய்வது முதல் குழி. ஏக்லெட்டின் விதிப்படி, கடத்தலோடு சேர்ந்து கொலையோ பலத்த காயமோ நடந்திருந்தால் அந்தச் சம்பவம் ‘தாக்குதல்’ என்ற பிரிவுக்குப் போய்விடும். அதாவது மிக மோசமான கடத்தல்கள்தான் உங்கள் ஃபில்டரில் நழுவும். ‘பொதுமக்கள் மீதான வன்முறை’, ‘மோதல்கள்’ என்ற இரண்டு சம்பவ வகைகளையும் முழுசாக எடுத்து, குறிப்புகள் பத்தியில் கடத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களையும் பிணைத்தொகை, பணயக்கைதி போன்ற சொற்களையும் தேடி, ‘கடத்தல் உண்டா’ என்று உங்கள் சொந்தப் பத்தி ஒன்றை உருவாக்குங்கள். தேடல் கண்டுபிடித்ததைக் கண்ணால் ஒருமுறை படித்துத்தான் ஆக வேண்டும். கடத்தப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்ட செய்திகளும் அதே சொற்களோடுதான் வரும்.

இரண்டாவது குழி பெயர்கள். ஊடகங்கள் ‘பேண்டிட்’ (கொள்ளையர்) என்று எழுதும் கும்பல்களை ஏக்லெட் பல இடங்களில் ‘ஜம்ஃபாரா சமூகப் படை’, ‘கட்சினா சமூகப் படை’ என்ற பாணியில்தான் குறிக்கிறது. அந்தப் பெயரை வைத்து இது எந்தச் சமூகத்தின் படை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர் தெரியாத ஆயுதக் குழுவுக்கு வைத்த லேபிள், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது, இட நுணுக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் 1, 2, 3 என்று ஒரு மதிப்பெண் இருக்கும். 1 என்றால் ஊர் தெரியும். 2 என்றால் அந்த வட்டாரம் தெரியும், பக்கத்து ஊரில் புள்ளி வைத்திருக்கிறார்கள். 3 என்றால் பெரிய பகுதி மட்டும்தான் தெரியும், புள்ளி பெரும்பாலும் தலைநகரில் போய் உட்கார்ந்திருக்கும். மூன்றையும் சேர்த்து ஹீட்மேப் போட்டால் குசாவ் போன்ற மாநிலத் தலைநகரங்களில் அருமையான ஒரு ஹாட்ஸ்பாட் முளைக்கும், அது முழுக்கப் பொய். என் வழக்கம்: அடர்த்தி மேப்புக்கு 1 மட்டும், உள்ளாட்சிப் பகுதி அளவிலான எண்ணிக்கைக்கு 1-உம் 2-உம், மாநில அளவில் மூன்றும். 1-ஐயும் 2-ஐயும் சேர்த்து ஒரு மேப், 1 மட்டும் வைத்து ஒரு மேப் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணாமல் போகும் ஹாட்ஸ்பாட்கள் எவை என்று பார்த்தாலே தரவைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

நீங்களே செய்திகளிலிருந்து தொகுத்தால் ஊரைக் கண்டுபிடிப்பதுதான் தலைவலி. டுடுன் வாடா, சபோன் காரி போன்ற பெயர்கள் ஹவுசா பேசும் பகுதியெங்கும் உண்டு. உங்குவா என்று தொடங்கும் பெயர்களை ஒரு செய்தித்தாள் ஒருவிதமாகவும் அடுத்தது வேறுவிதமாகவும் எழுதும். டன்சடாவை ஒரே சொல்லாகவும் எழுதுவார்கள், இரண்டாகப் பிரித்தும் எழுதுவார்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து ஆன்லைன் தேடலில் கிடைக்கும் முதல் புள்ளியை எடுத்தால் 200 கிலோமீட்டர் தள்ளிப் போக வாய்ப்பிருக்கிறது. கிரிட்3 என்ற திட்டம் வெளியிட்ட நைஜீரியக் குடியிருப்பு லேயரை எடுத்து, செய்தியில் சொல்லும் உள்ளாட்சிப் பகுதிக்குள் மட்டும் தேடுங்கள். நாட்டில் மொத்தம் 774 உள்ளாட்சிப் பகுதிகள். எல்லைக் கோப்புகள் ஐநாவின் மனிதாபிமானத் தரவுத் தளத்தில் கிடைக்கும், வார்டு அளவிலும் உண்டு. அப்படியும் ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்தால் ஊகிக்காமல் நுணுக்க மதிப்பெண்ணை 2 ஆக்கிவிட்டு நகருங்கள்.

ஒரு கடத்தலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடம் உண்டு என்பதையும் டேபிளிலேயே கவனியுங்கள். கன்காரா மாணவர்கள் பிடிக்கப்பட்டது கட்சினாவில், விடுவிக்கப்பட்டது ஜம்ஃபாராவின் சாஃபே பக்கம். ஹாட்ஸ்பாட் கணக்குக்குப் பிடிக்கப்பட்ட இடம் மட்டும். விடுவிப்பு இடத்துக்குத் தனிப் பத்தி.

ப்ராஜெக்‌ஷன்

சுருக்கமாக: தரவு டிகிரியில் வரும், தூரம் கணக்கிட மீட்டர் வேண்டும். மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 32 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 32632 என்ற எண்ணுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சொகோட்டோவும் கெப்பியும் பெரும்பாலும் 31-ஆம் மண்டலத்தில் வருகின்றனவே என்று கவலைப்பட வேண்டாம், கெப்பியின் மேற்கு ஓரத்தில்கூட 100 கிலோமீட்டருக்குச் சில நூறு மீட்டர்தான் பிழை. இந்த வேலைக்கு அது ஒன்றுமில்லை. பழைய நைஜீரியத் தாள் வரைபடங்களை ஸ்கேன் செய்து பயன்படுத்தினால் மட்டும் கவனம்; அவை மின்னா டேட்டம் என்ற வேறொரு அளவீட்டு அடிப்படையில் இருக்கும், அப்படியே மேலே போட்டால் ஆறும் சாலையும் தள்ளி விழும்.

அடர்த்தி மேப், அப்புறம் புள்ளியியல் சோதனை

ப்ராசஸிங் டூல்பாக்ஸில் ‘ஹீட்மேப், கெர்னல் டென்சிட்டி’ என்ற கருவி இருக்கிறது. லேயர் ஸ்டைலில் வரும் ஹீட்மேப்பும் இதுவும் ஒன்றல்ல. ஸ்டைல் ஹீட்மேப் திரையில் பார்க்க மட்டும். கருவி தருவது கணக்குப் போடக்கூடிய ராஸ்டர், அதாவது ஒவ்வொரு பிக்ஸலிலும் ஒரு எண் உள்ள படம். பிக்ஸல் 1 கிலோமீட்டர் போதும். எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆரம்தான், அதாவது ஒரு சம்பவத்தின் தாக்கம் மேப்பில் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்ற அளவு. 5 கிலோமீட்டர் வைத்தால் ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாக மினுக்கும், 50 வைத்தால் மாநிலமே ஒரு சிவப்புத் திட்டாகிவிடும். கிராமத் தாக்குதல்களுக்கு 10, 20, 30 மூன்றையும் போட்டுப் பார்த்து, மூன்றிலும் நிலைத்து நிற்கும் இடங்களை மட்டும் நம்புங்கள். ஒரு ஆரத்தில் மட்டும் தெரியும் ஹாட்ஸ்பாட்டை அறிக்கையில் எழுதாதீர்கள்.

எடை விஷயமும் இருக்கிறது. கடத்தப்பட்டவர்களின் எண்ணிக்கையை எடையாகக் கொடுத்தால் கன்காரா ஒரே சம்பவம் பல ஆண்டுகள் சிறுசிறு கடத்தல் நடந்த ஒரு சாலையை மறைத்துவிடும். சம்பவ எண்ணிக்கைக்கு ஒரு மேப், பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கைக்கு ஒரு மேப் என்று இரண்டு போடுங்கள். இரண்டையும் ஒரே ‘ஆபத்துக் குறியீடு’ ஆக்கும் ஆசை வரும், அதைத் தவிர்ப்பது நல்லது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அடர்த்தி அதிகம் என்பதும் தற்செயலுக்கு மிஞ்சிய குவிப்பு என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சோதிக்க 10 கிலோமீட்டர் அறுகோணக் கட்டங்களைப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சம்பவம் என்று எண்ணி, அந்தக் கோப்பை ஜியோடாவில் திறந்து கெடிஸ்-ஆர்ட் ஜி ஸ்டார் கணக்கைப் போடுங்கள். இலவச மென்பொருள், மவுஸ் கிளிக்கிலேயே வேலை முடியும். ஒரு கட்டமும் அதைச் சுற்றிய கட்டங்களும் சேர்ந்து சராசரியை விட எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்று இது சொல்லும். இசட் மதிப்பு 1.96-ஐத் தாண்டினால் 95 சதவீத நம்பிக்கை. ஆனால் ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் சோதிக்கிறீர்கள், நூற்றில் சில கட்டங்கள் சும்மாவே தாண்டும். பலசோதனைத் திருத்தத்தைப் போடுங்கள், இல்லையென்றால் 2.58-ஐத் தாண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளே இல்லாத கட்டங்களையும் கணக்குக்கு முன்பே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சுழியங்கள் சராசரியைக் கீழே இழுத்து எல்லா ஊரையும் ஹாட்ஸ்பாட் ஆக்கிவிடும்.

மக்கள்தொகையால் வகுத்து விகிதமாகக் காட்டலாமா என்று கேட்பீர்கள். காட்டலாம், மக்கள்தொகைக் கணிப்பு வெளியிடும் வேர்ல்ட்பாப்பின் 100 மீட்டர் கட்டத் தரவு இருக்கிறது. ஆனால் நைஜீரியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006-இல். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாதிரிக் கணிப்பு, அதிலும் தாக்குதலுக்குப் பயந்து காலியான கிராமங்களில் ஆள் இருப்பதாகவே அந்தக் கணிப்பு சொல்லும். நான் விகிதத்தைத் துணை மேப்பாக மட்டும் வைப்பேன்.

சாலைகள்

நெடுஞ்சாலைக் கடத்தலுக்கு மேலே சொன்ன எதுவும் சரியாக வேலை செய்யாது. வட்டமான கெர்னல் சாலையை விட்டு இரண்டு பக்கமும் 20 கிலோமீட்டர் சிவப்பைப் பரப்பும், ஆபத்து இருப்பதோ ஒரு கோட்டில். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளை ஜியோஃபேப்ரிக் தளத்தில் இறக்கி, முக்கியச் சாலைகளை மட்டும் எடுத்து, 5 கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். சம்பவப் புள்ளிகளைப் பக்கத்துச் சாலைத் துண்டோடு இணைத்து, 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பவற்றை விட்டுவிட்டு, துண்டுக்கு எத்தனை என்று எண்ணி, கோட்டின் தடிமனாகக் காட்டுங்கள். அபுஜா–கடுனா விரைவுச்சாலை, கடுனாவிலிருந்து பிர்னின் க்வாரி வழியாக ஃபுன்டுவா போகும் சாலை, குசாவ்–ஃபுன்டுவா சாலை ஆகியவற்றை இப்படிப் போட்டால் சாலை முழுக்க ஆபத்து சமமாகப் பரவியில்லை என்பது முதல் பார்வையிலேயே தெரியும். செய்திகள் ‘இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் நடுவில்’ என்றே எழுதுவதால், அப்படிப்பட்ட சம்பவத்தை நடுப்புள்ளியில் குத்தாமல் அந்த இடைப்பட்ட துண்டுகளுக்கெல்லாம் பின்னமாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

சாலையில் எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து குறைந்தது என்று எழுத அவசரப்படாதீர்கள். அபுஜா–கடுனா சாலைக்குப் பயந்தே நிறையப் பேர் 2016-இல் தொடங்கிய ரயிலுக்கு மாறினார்கள். 2022 மார்ச் 28 அன்று அந்த ரயிலையே தண்டவாளத்தில் வெடிவைத்து நிறுத்தி ஆட்களைக் கடத்தினார்கள். பயணிகள் எங்கே போகிறார்களோ அங்கே புள்ளிகளும் போகும். போக்குவரத்து எண்ணிக்கை கையில் இல்லாதவரை சாலை மேப் காட்டுவது சம்பவத்தின் அடர்த்தியை மட்டும்தான், ஒரு பயணிக்கான ஆபத்தை இல்லை.

காலத்தையும் வெட்டுங்கள்

ஐந்து வருடத் தரவை ஒரே மேப்பில் போட்டால் அது வரலாறு. மழைக்காலம், வறண்ட காலம் என்று பிரியுங்கள்; வடமேற்கில் மழை ஏறக்குறைய ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. மண் சாலைகள் சேறாவதும் பயிர் வளர்ந்து மறைவு கிடைப்பதும், அறுவடை சமயத்தில் விவசாயிகளிடம் கும்பல்கள் வரி கேட்பதும் எல்லாம் பருவத்தோடு போகிறவை. அதோடு மூன்று மாத நகரும் சன்னல் வைத்து, மேப்பைக் காலவரிசையில் ஓட்டிக் காட்டும் கியூஜிஐஎஸ்ஸின் டெம்போரல் கன்ட்ரோலரில் ஓட்டிப் பார்த்தால் ஹாட்ஸ்பாட் நகர்கிறதா, நின்ற இடத்திலேயே துடிக்கிறதா என்று தெரியும்.

இங்கேதான் ஒரு முக்கியமான ஓட்டை. 2021 செப்டம்பர் தொடக்கத்தில் ராணுவ நடவடிக்கைக்காக ஜம்ஃபாரா முழுக்கத் தொலைத்தொடர்பை நிறுத்தினார்கள். பிறகு பக்கத்து மாநிலங்களின் சில பகுதிகளுக்கும் அது பரவியது. அந்தக் காலத்தில் புள்ளிகள் குறைந்தால், சம்பவம் குறைந்ததா, செய்தி வெளியே வரவில்லையா என்று தரவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மாதங்களைச் சாம்பல் பட்டையாகக் குறித்துவிட்டு, போக்குக் கோட்டை அதன் மேல் ஓட்டாமல் விடுங்கள். செல்பேசிக் கோபுரமே இல்லாத உள்வட்டாரங்களுக்கும் இதே பிரச்சினை, அங்கே அது வருடம் முழுக்க.

சுற்றியிருக்கும் நிலம்

கமுகு தேசியப் பூங்கா, ஜம்ஃபாராவின் குயம்பனா காடு, கட்சினாவின் ருகு காடு ஆகியவை கும்பல்களின் மறைவிடங்களாகப் பலகாலமாகப் பேசப்படுபவை. காட்டு விளிம்பிலிருந்து ஒவ்வொரு சம்பவத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால் தாளில் உள்ள ரிசர்வ் எல்லையை நம்ப வேண்டாம், பல இடங்களில் மரம் எப்போதோ போய்விட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமான ஈசாவின் 10 மீட்டர் நிலப்பரப்பு மேப்பான வேர்ல்ட்கவர் அல்லது சென்டினல்-2 சாட்டிலைட் படத்திலிருந்து உண்மையான மர மூட்டத்தை எடுங்கள். மழைக்காலப் படங்களில் மேகம், டிசம்பருக்குப் பிறகு ஹர்மட்டன் என்ற வறண்ட காற்றின் புழுதி. அக்டோபர் கடைசியும் நவம்பரும் தெளிவாகக் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தத் தூரத்துக்கு மதிப்பில்லை. சம்பவங்களில் 60 சதவீதம் காட்டிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கிராமங்களிலுமே 60 சதவீதம் அதே தூரத்துக்குள் இருந்தால் காட்டுக்கும் இதற்கும் தொடர்பே தெரியவில்லை என்றாகிறது. குடியிருப்பு லேயரிலிருந்து சம அளவில் ஊர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். தங்கச் சுரங்கங்கள், மாநில எல்லை, காவல் நிலையத் தூரம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

மேப் தேறுமா?

ஒரு வருடத்தின் கடைசி வரை உள்ள தரவில் ஹாட்ஸ்பாட்டை வரைந்து, அடுத்த ஆறு மாதச் சம்பவங்களை அதன் மேல் போடுங்கள். பரப்பில் 10 சதவீதம் மட்டும் சிவப்பு, அதற்குள் புதிய சம்பவங்களில் 40 சதவீதம் விழுந்தால் மதிப்பு 4 (40-ஐ 10-ஆல் வகுத்தது). இதே கணக்கை ‘போன வருடம் அதிகம் நடந்த உள்ளாட்சிப் பகுதிகள்’ என்ற மொட்டைப் பட்டியலுக்கும் போட்டுப் பாருங்கள். மொட்டைப் பட்டியலை உங்கள் மேப் ஜெயிக்கவில்லை என்றால் பட்டியலையே கொடுத்துவிடலாம், படிப்பவர்களுக்கும் எளிது.

வெளியிடும் முன்

2023 டிசம்பர் 3 அன்று கடுனா மாநிலத்தின் டுடுன் பிரி கிராமத்தில் மத விழாவுக்குக் கூடியிருந்த மக்களை ராணுவ ட்ரோன் தவறாகத் தாக்கி 85 பேருக்கு மேல் இறந்தார்கள். மேப்பில் ஒரு இடத்தை இலக்கு மாதிரி குறிப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதனால் ‘முகாம்’, ‘மறைவிடம்’ என்று எந்தப் புள்ளியையும் பொதுவில் போடாதீர்கள். சாட்டிலைட் படத்தில் காட்டுக்குள் தெரியும் கூரைகள் கால்நடை மேய்க்கும் ஃபுலானிக் குடும்பங்களுடையதாகவே இருக்கலாம், சுயபாதுகாப்புப் படைகளின் பழிவாங்கலுக்கு அவர்கள் ஏற்கெனவே ஆளாகிறவர்கள். யார் எந்த இனம் என்ற பத்தியே டேபிளில் வேண்டாம்.

பொதுவில் போடுவது அறுகோணமாகவோ உள்ளாட்சிப் பகுதியாகவோ இருக்கட்டும், தனிப்புள்ளி வேண்டாம். இன்னும் பிடியில் இருப்பவர்கள் தொடர்பான சம்பவங்களை விடுவிப்பு முடியும்வரை நிறுத்திவையுங்கள். தகவல் தந்த ஊரை அடையாளம் காட்டும் குறிப்புகளை வெளியிடும் கோப்பிலிருந்து அழித்துவிடுங்கள், லேயரை மறைத்தால் போதாது, கோப்பிலேயே இருக்கக் கூடாது. புள்ளியே இல்லாத பகுதிக்குப் பச்சை நிறம் கொடுப்பதையும் விடுங்கள். சாம்பல் போட்டு, குறிவிளக்கத்தில் ‘தகவல் இல்லை’ என்று எழுதுங்கள், பச்சையைப் பார்த்து யாராவது அந்த வழியில் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

மேப்பின் மூலையில் தரவை இறக்கிய தேதி, எடுத்துக்கொண்ட நுணுக்க மதிப்பெண், கெர்னல் ஆரம் மூன்றும் இருக்க வேண்டும். ஏக்லெட் பழைய வரிசைகளையும் பின்னால் திருத்துவதால் அடுத்த மாதம் அதே ஃபில்டரில் வேறு எண்ணிக்கை வரும். இறக்கிய மூலக் கோப்பைத் தேதியோடு தனியாக வைத்திருந்தால் எது திருத்தம், எது புதுச் சம்பவம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.